கணக்கில் ஒன்று

மூன்று முறை எண்ணிவிட்டேன்.
சீட்டில் அறுநூற்று நாற்பது டைல்ஸ் பெட்டி.
லாஞ்சில் அறுநூற்று முப்பத்தொன்பது.
மூன்றாவது முறை முப்பத்தெட்டுதான் வந்தது;
அது கண்ணில் விழுந்த மணலின் கணக்கு என்று விட்டுவிட்டேன்.

தேரா கரையில் ஷமால் அடிக்கிறது.
லெங்கேவுக்குப் போகவேண்டிய லாஞ்சுகள்
ஒன்றின் விலாவை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
காற்று தணியும்வரை பயணமில்லை,
கணக்குத் தீரும்வரை என் கையெழுத்தில்லை.
நாகுதா கரைக்குப் போய்விட்டார், யாரையோ திட்ட.
மேல்தளத்தில் நானும்
சமையல்காரன் கொதாதாதும்.

அவனுக்குத் தமிழ் வராது, எனக்குப் பாரசீகம் வராது.
இருவருக்கும் போதுமான அளவு உடைந்த இந்தி உண்டு.
"உட்கார். லூபியா போலோ" என்றான்,
கணக்கும் அதிலேயே வெந்துவிடும் என்பதுபோல.

நீலத் தார்ப்பாய் மூடிய மேடைமேல் கேஸ் அடுப்பு.
காற்றுக்கு மறைப்பாக ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கதவு.
வெங்காயம் முதலில். அது சிவக்கும்வரை பேச்சில்லை.
பிறகு ஆட்டுக்கறி, விரல்நுனி அளவு;
மஞ்சள், மிளகு, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை.
தக்காளி விழுது டப்பாவை வழித்த கரண்டியை
மறுபடி வழித்தான்.
பீன்ஸை நான் நறுக்கினேன்.
நீளம் கூடிவிட்டதென்று
பாதியைத் திருப்பிக் கொடுத்தான்.

அரிசி வேறு சட்டியில், கடலாய்க் கரிக்கும் தண்ணீரில்.
ஒரு பருக்கையைக் கடித்தான்,
கண்ணை மூடி, உள்ளே இன்னும் எலும்பு இருக்கிறதா என்று.
இருந்தது. உடனே வடித்தான்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்று சொன்னவர் யாரும்
சரக்கு எண்ணிப் பிழைத்திருக்கமாட்டார்.
ஒரு பெட்டியைப் பார்த்து
அறுநூற்று நாற்பதுக்கும் கையெழுத்துப் போட முடிந்தால்
நான் எப்போதோ அறைக்குப் போய்க் குளித்திருப்பேன்.

அடியில் எண்ணெய், அதன்மேல் வட்ட வட்டமாய் உருளைக்கிழங்கு.
அப்புறம் சோறு. அப்புறம் கறி.
சோறு. கறி. சோறு.
பழக்கதோஷம், என் வாய் எண்ணியது.
கோபுரமாகக் குவித்து
கரண்டிக் காம்பால் ஐந்து துளை போட்டான்,
நீராவி மூச்சுவிட.
ஏதோ விடுதியின் பெயர் நெய்த துவாலையை
மூடியில் சுற்றி, அழுத்தி,
ஒரு மணிநேரம் என்று விரல் காட்டினான்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுப்பேன்தான்.
ஆனால் அந்த ஒரு பெட்டி?
என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றேன்.
அவனுக்குச் சம்பளமே மூன்று மாதமாக வரவில்லை என்றான்.
அதற்குப் பிறகு
இருவரும் துவாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
டீசல் வாசத்தை விலக்கிக்கொண்டு பட்டை வாசம் வந்தது.
பக்கத்து லாஞ்சிலிருந்து ஒருவன் தட்டோடு வந்து
எதுவும் கேட்காமல் உட்கார்ந்தான்.

தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடி,
பிஸ்மில்லா சொல்லி,
சட்டியைத் தலைகீழாக்கினான்.
ஒன்றும் விழவில்லை.
தட்டினான். திட்டினான். ஈரத்துணி போட்டுப் பார்த்தான்.
பிறகு பெருமூச்சுபோல இறங்கியது:
முக்கால் வட்டம் பொன், கால் வட்டம் கரி.
காந்தல் என்று நாங்கள் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவதற்கு
இங்கே யாருக்கு முதலில் என்று சண்டை.
கருகாத துண்டு எனக்கு வந்தது.
விருந்தாளி என்பதாலா,
கையெழுத்துப் போடவேண்டியவன் என்பதாலா, கேட்கவில்லை.
பல்லில் அது உடைந்த சத்தம்
காற்றையும் மீறிக் கேட்டது.

அப்போதுதான் ஷமால் ஒருமுறை ஓங்கி அடித்து
அடுப்புக்குக் கீழிருந்த தார்ப்பாயைத் தூக்கியது.
அட்டையில் கறுப்பு அச்சு:
மோர்பி டைல்ஸ், வெள்ளை, பளபளப்பு.
கொதாதாத் பார்த்தான். நானும் பார்த்தேன்.
மெல்லுவதை இருவரும் நிறுத்தவில்லை.

எண்ணெய் விரலால் பேனாவைப் பிடித்து
அறுநூற்று நாற்பது, சரி என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்:
ஒன்று அடுப்புக்கு அடியில்.
லெங்கே சேரும்வரை எடுக்கவேண்டாம்.